மொட்டைக் கதையும் டிரெய்லர் கீபோர்டும்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட் ஆபீஸில் எனக்கு வேலை. உள்ளே வரும் வண்டிக்கும் வெளியே போகும் வண்டிக்கும் ஜன்னல் வழியாகப் பாஸ் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் டிபன் பாக்ஸோடு வேப்பமரத்தடிக்குப் போவார்கள். நான் மட்டும் பழைய ஃபைல்கள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனிடம் கதை சொல்வேன்.

எல்லாம் நானே எழுதிய கதைகள். ஒவ்வொன்றும் பத்து, பன்னிரண்டு நிமிஷம் வரும். சொல்லி முடித்ததும் இணையத்தில் ஏற்றிவிடுவேன். இருபது பேர் கேட்டால் அதிகம். அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அவர்களும் கடைசிவரை கேட்டார்களா என்பது சந்தேகம். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அந்த வயதில் கல்யாணம் ஆகாமல் ஃபைல் அறையில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணைப் பற்றி ஆபீஸில் என்ன நினைத்தார்களோ, நான் கவலைப்படவில்லை. ஒரு நாளில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

ஒரு நாள் காலையில் ஒல்லியான டிரெய்லர் டிரைவர் ஒருவர் ஜன்னலுக்கு வந்தார். கன்டெய்னர் நம்பரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று பாஸைத் திருப்பி நீட்டினார். திருத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் நகரவில்லை.

“மேடம், போன்ல கதை சொல்றது நீதான?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொந்தக்காரர் அல்லாத ஒரு மனிதர்! “ஆமா, எப்படித் தெரியும்?” என்றேன்.

“கொரலு. தெனம் இந்த ஜன்னல்ல ‘அடுத்த வண்டி’ன்னு கூவுற கொரலாச்சே. கியூல நிக்க சொல்லோ மூணு கத கேட்டேன். நல்லா கீது மேடம். ஆனா மொட்டையா கீது.”

“மொட்டையான்னா?”

“பின்னாடி ஒண்ணியும் இல்ல. நீ பாட்டுக்குப் பேசிகினே போற. கேக்குறவன் மூச்சு வுட வேணாமா?”

பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் அன்று முழுவதும் கொதித்துக்கொண்டிருந்தேன். கதைக்கு வார்த்தை போதாதா? வார்த்தையில் சொல்ல முடியாததைப் பின்னணியில் ஒரு வயலினைப் போட்டு அழவைப்பது குறுக்கு வழி என்று எனக்கு அப்போது ஒரு கொள்கை இருந்தது. அதை ஃபைல் அறையில் வைத்து உரக்கவே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். பாஸுக்கான காகிதங்களோடு சேர்த்து ஒரு மெமரி கார்டை ஜன்னல் வழியாகத் தள்ளினார். “உன் கததான். சும்மா கேட்டுப் பாரு. புடிக்கலன்னா தூக்கிப் போட்டுடு” என்றார்.

சாயங்காலம் ரயிலில் கேட்டேன். திருவொற்றியூரில் ஏறி ராயபுரத்தில் இறங்க வேண்டும்; அங்கே அப்பாவின் கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. கார்டில் இருந்தது, பேச்சை நிறுத்திக்கொண்ட ஒரு கணவன் மனைவியின் கதை. ஒரே அறையில் ஆறு வருஷமாக ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறார்கள். ஒரு நாள் மனைவி, கணவன் குளிக்கப் போகும் முன் அவனுடைய துண்டை எடுத்து மடித்துக் கொடியின் ஓரத்தில், அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் போடுகிறாள். அவ்வளவுதான். அந்த இடத்தை நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தேன்.

அவர் என் குரலை அங்கே வெட்டியிருந்தார். துண்டை மடித்தாள் என்றதும் நான் நின்றுவிட்டேன். கீபோர்டில் ஒரே ஒரு சுரம். அது தேய்ந்து அடங்கும்போது இன்னொன்று. பிறகு, ‘கொடியின் ஓரத்தில் போட்டாள்’ என்று என் குரல் திரும்ப வந்தது. அதை எழுதியவள் நான்தான். அவள் ஏன் துண்டை மடித்தாள் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது!

கொருக்குப்பேட்டை போனதும் தெரியவில்லை, வண்ணாரப்பேட்டை போனதும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் பீச் ஸ்டேஷன். ராயபுரத்தைத் தாண்டி வந்துவிட்டேன். எதிர் பிளாட்பாரத்துக்கு ஓடும்போது எனக்குச் சிரிப்பு வேறு வந்தது. என் கொள்கை எந்த ஸ்டேஷனில் இறங்கிப் போனதோ தெரியாது.

மறுநாள் ஜன்னலில் அவரைப் பார்த்ததும், “அடுத்த கதைக்கும் வாசிப்பீங்களா?” என்றேன்.

“அதுக்குத்தான மேடம் வந்தேன். இன்னிக்கு எனக்கு லோடே இல்ல” என்றார்.

அவருக்கு வியாசர்பாடியில் குடியிருப்பு வாரிய வீடு. மாமாவின் லைட் மியூசிக் குழுவில் ஒயர் சுருட்டப் போய், கீபோர்டு வாசிக்கிறவர் வராத நாட்களில் உட்கார்ந்து, தானாகவே கற்றுக்கொண்டவர். கீபோர்டு எப்போதும் டிரெய்லர் கேபினில், டிரைவர் படுக்கும் பலகையின் மேல் ஒரு போர்வைக்குள் கிடக்கும். வண்டியின் பேட்டரியிலிருந்து ஒரு இன்வெர்ட்டர் வைத்துக் கரன்ட் எடுத்திருந்தார். கண்ணாடிக்கு முன்னால் உள்ளங்கை அளவு புத்தர். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசை எங்கள் கேட்டைத் தாண்டி எண்ணூர் பக்கம் நீண்டு நிற்கும். சில நாள் காலையில் நின்ற வண்டி சாயங்காலம்தான் நகரும். அந்த நேரமெல்லாம் அவர் கீபோர்டில் சாதகம் செய்வார்.

என் சாப்பாட்டு நேரம் ஃபைல் அறையிலிருந்து கேபினுக்கு மாறியது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி, நான் கதை சொல்ல அவர் வாசிப்பார். கொஞ்ச நாளில் முன்னும் பின்னும் நின்ற டிரைவர்கள் கீழே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். சிலர் பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்தார்கள். ஒருவர் தினமும் எனக்கு இஞ்சி மிட்டாய் கொடுப்பார், தொண்டைக்கு நல்லது என்று.

ஒரு தடவை கதை உச்சத்தில் இருக்கும்போது வரிசை நகர்ந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். “நிறுத்தாத மேடம், நீ சொல்லிகினே இரு!” என்று அவர் கீபோர்டை என் மடியில் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தார். கதையில் கப்பல் புறப்படுகிறது, மகன் போகிறான். நான் ஒரு கையால் கீபோர்டையும் இன்னொரு கையால் போனையும் பிடித்துக்கொண்டு சொல்ல, சுற்றிலும் பத்து டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முழங்க, நாங்கள் மூன்று வண்டி நீளம் முன்னேறினோம். கேட்டுப் பார்த்தால் மயிர்க்கூச்செறிந்தது. ஒரு நொடியையும் வெட்டாமல் அப்படியே ஏற்றினோம். அந்தக் கப்பல் சத்தத்தை எந்தத் துறைமுகத்தில் பதிவு செய்தீர்கள் என்று யாரோ எழுதிக் கேட்டிருந்தார்கள். நாங்கள் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

அப்புறம்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

அன்றைக்குச் சொன்னது ஒரு வேடிக்கைக் கதை. ஒரு டீச்சர் காலையில் மூக்குக் கண்ணாடியைக் காணாமல் வீடு முழுவதும் தேடுகிறாள். கண்ணாடி தலையிலேயே இருக்கிறது. எல்லோரும் சிரிக்க வேண்டிய இடம். பார்த்தால் கீழே நின்றவர்கள் முகம் எல்லாம் இறுகிப் போயிருக்கிறது. நெல்லூரிலிருந்து வரும் வயதான டிரைவர் ஒருவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர், தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பாபம் அம்மா, சச்சிபோயிந்தா?” என்று என்னிடம் கேட்டார். பாவம், அவள் செத்துப்போய்விட்டாளா என்று.

“இல்லண்ணா! கண்ணாடியத் தேடுறா!” என்றேன். என் கண்ணில் கை வைத்துக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. “தேவுடா” என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லோரும் போனதும் கீபோர்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். “என்ன வாசிச்சீங்க? சிரிக்கற கதைக்கு ஒப்பாரி வைக்கறீங்க. அந்த அண்ணன் பாவம், யாரோ செத்துட்டாங்கன்னு அழுதுட்டுப் போறார். இதுக்குத்தான் நான் ஆரம்பத்துலயே மியூசிக் வேணாம்னு நினைச்சேன். அது பொய் சொல்லுது.”

அவர் கீபோர்டைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. “அது பொய் சொல்லல மேடம். நான்தான் வேற ஒண்ண நெனச்சிகினு வாசிச்சிட்டேன்.”

“என்ன நினைச்சீங்க?”

“வுடு.”

“சொல்லுங்க.”

“நாளிக்கு லீவுன்னியே. வூட்டுக்கு ஆளுங்க வராங்கன்னு. பொண்ணு பாக்கத்தான?” போர்வையின் முனையை இழுத்து முடிச்சுப் போட்டார். “அத்த நெனச்சேன். வெரலு அது பாட்டுக்கு அங்க பூட்ச்சு.”

கதை சொல்கிறவள், ஊருக்கெல்லாம் வசனம் எழுதுகிறவள், வாயைத் திறந்து மூடினேன். கடைசியில், “சாப்பாட்டு நேரம் முடிஞ்சுருச்சு” என்று சொல்லிவிட்டு, டிரெய்லர் படியில் இறங்கும்போது ஒரு செருப்பைத் தவறவிட்டு, அதை எடுக்காமலே ஆபீஸுக்கு நடந்தேன். அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். வரிசையில் நின்ற அத்தனை டிரைவர்களும் பார்த்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

அன்று சாயங்காலம் எனக்கு உலகத்தில் எல்லோர் மேலும் பிரியம் வந்துவிட்டது. மீன் கூடையோடு ஏறிய அக்காவுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தேன். டிக்கெட் பரிசோதகருக்குக் கேட்காமலே சீசன் டிக்கெட்டைக் காட்டினேன். மறுநாள் தூத்துக்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுக்கும்போதும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. மாப்பிள்ளை என்ன படித்தீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தேன். அவருடைய அம்மா, சமைக்கத் தெரியுமா என்று கேட்டதற்கும் சிரித்தேன். அவர்கள் திரும்பிப் போன இரண்டாம் நாள், “பொண்ணு ஏன் சும்மா சும்மா சிரிக்கி?” என்று தரகர் வழியாகக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை ஜன்னலில் பாஸைக் கொடுக்கும்போது, “அவங்க வேணாம்னுட்டாங்க. நானும்தான்” என்றேன். அவர் பாஸை வாங்காமலே போய் வண்டியில் ஏறி, மறுபடி இறங்கி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம். அவர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்தவர். மியூசிக் சேர்ந்த பிறகு என் கதைகளை அப்பாவும் கேட்க ஆரம்பித்திருந்தார். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக் கேட்பார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கள் கதையையே எழுதினேன். யார்டைப் பால் பூத் ஆக்கினேன், டிரெய்லரை மீன் லாரி ஆக்கினேன். கடைசியில் அப்பா சம்மதிக்காமல் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிடுகிறார். பையன் கீபோர்டை ஆற்றில் போட்டுவிடுகிறான். “ஆத்துல போடற சீனுக்கு இன்னா வாசிக்கறது? கீபோர்டு போச்சே!” என்று அவர் கேட்டார். கடைசியில் வாயால் விசிலடித்தார். அதுதான் அந்தக் கதையிலேயே உருக்கமான இடம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையில் அதை அப்பா கேட்டார். நான் பருப்பைப் பொட்டலம் கட்டுவதுபோல் நின்றிருந்தேன். விசில் வந்த இடத்தில் அப்பாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

“ஏட்டி, என்னத்துக்கு இப்படி முடிச்ச? அந்தப் பயலுக்கே கட்டிக் குடுத்தா என்ன? அந்தப் புள்ளைக்க அப்பன் மனுசனா? நெஞ்சு கல்லா அவனுக்கு?”

“யப்பா,” என்றேன், “அந்தப் புள்ள நான்தான்.”

அப்பா கண்ணைத் துடைத்த கையை அப்படியே வைத்திருந்தார். “அப்ப அந்த அப்பன்?”

“நீங்கதான்.”

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, பயப்படுகிறாளா என்று தெரியவில்லை. அப்பா எழுந்து நின்றார். “பாட்டப் போட்டு என்னைய மயக்கப் பாக்கியளா ரெண்டு பேரும்? இப்ப சொல்லு. ஒரு சத்தமும் இல்லாம, இங்க நின்னு சொல்லு.”

சொன்னேன். நடுவில் ஒருவர் வந்து பெருங்காயம் கேட்டார், கொடுத்துவிட்டுத் தொடர்ந்தேன். பன்னிரண்டு நிமிஷக் கதை இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோனது. அழகாக எதுவும் வரவில்லை. கடைசியில், “அவர்கூட இருந்தா எனக்குச் சிரிப்பு வருதுப்பா” என்று மட்டும் சொன்னேன்.

“எந்தப் பக்கம்?”

“வியாசர்பாடி.”

அப்பா தெருவைப் பார்த்தார். அவர் அடுத்துக் கேட்க வந்ததை நான் கேட்கவிடவில்லை. “ஆமாப்பா. நம்ம ஆளுங்க இல்ல. அவங்க வீட்ல புத்தர கும்பிடுவாங்க.”

அதற்குப் பிறகு மூன்று வாரம் அப்பா என்னோடு எல்லாம் பேசினார், இதைத் தவிர. ஊரிலிருந்து பெரியப்பா போனில் கத்தினார். அப்பா போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான்காவது வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “அந்தப் பயல வரச் சொல்லு. அந்தப் பாட்டுப் பெட்டி இல்லாம வரணும்” என்றார்.

இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை அவருக்கு. பாக்கெட்டில் விட்டார், எடுத்தார், கட்டிக்கொண்டார். பக்கத்தில் ஒரு காலி எண்ணெய் டின் இருந்தது. அப்பா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க, அவருடைய விரல்கள் மெல்ல அந்த டின்னில் தட்ட ஆரம்பித்தன.

“கைய சும்மா வைக்க மாட்டியால?”

“மன்னிச்சுக்க நைனா, பயத்துல வந்துட்ச்சு.”

எங்கள் பக்கத்தில் யாரும் அப்பாவை நைனா என்று கூப்பிடமாட்டார்கள். அப்பாவின் உதடு கோணியது. சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் கோணும். “துறைமுகத்துல வண்டி ஏன் அம்புட்டு நேரம் நிக்கி? எனக்கு வர வேண்டிய பருப்பு வாரக்கணக்கா வரல” என்றார். அவ்வளவுதான், இரண்டு பேரும் டிரெய்லர் வரிசையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். என்னைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டோம். வியாசர்பாடியில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு அவர்களுடைய புத்த முறைப்படி உறுதிமொழி சொன்னேன். மாமியார் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். வெளியே மாமாவின் குழு வாசிக்க, இஞ்சி மிட்டாய் டிரைவர் உட்பட வரிசையே வந்து ஆடியது. பெரியப்பா குடும்பம் வரவில்லை, இன்றும் வருவதில்லை. அது அப்பாவுக்கு வலிக்கும் என்று தெரியும். அவர் சொல்வதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும், “நான் ஒரு கத சொல்லுதேன், போட்டுக்கோ” என்று அப்பா தானாகவே சொன்னார். கல்யாணமாகி மூன்றாம் மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸுக்கு ரயிலேறிய கதை. நான் போனை நடுவில் வைத்தேன். என் கணவர் கீபோர்டை மடியில் எடுத்துக்கொண்டார். எழும்பூரில் இறங்குகிறார்கள். வருகிறேன் என்று சொன்ன உறவுக்காரர் வரவில்லை. கையில் விலாசம் எழுதிய சீட்டும் இல்லை. கணவரின் விரல் மெல்ல ஒரு சுரத்தைத் தொட்டது.

“ஏ, நிறுத்து” என்றார் அப்பா. “இந்த எடத்துல வாசிக்காத. நான் அப்ப அழல.”

அவர் கையை எடுத்துவிட்டார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னாள்: “அழுதிய. பெட்டி மேல உக்காந்து அந்தப் பக்கமா திரும்பிகிட்டு அழுதிய. நான் பாத்தேம்லா. நீங்க வாசிங்க தம்பி.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு உதடு கோண, “சரி, வாசி. ஆனா ரொம்ப வேண்டாம்” என்றார்.